8 நாள், 24 முழுக்கு: ஆளில்லாத் தீவின் பவளப்பாறையை எப்படிப் படமெடுப்பது?

ஒரு தனித் தீவு. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றரை நாள். அங்கே போக அனுமதி, படகு, சிலிண்டர், துணைக்கு ஆள் எல்லாம் ஒருவழியாகக் கூடிவந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 3 முழுக்கு (ஸ்கூபா டைவ்), மொத்தம் 24. காற்று திரும்பினாலோ, யாருக்காவது காது அடைத்துக்கொண்டாலோ அதிலும் நாலைந்து போய்விடும். மிச்சமிருக்கும் ஏறத்தாழ இருபது மணி நேரத்தில் கேமராவை எதற்காகப் பிடிப்பது? இதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், எதிரே வரும் முதல் ஆமையின் பின்னால் போய்விடுவீர்கள். அன்றைய முழுக்கு அத்தோடு முடிந்துவிடும்.

வழிகள் மூன்று. பார்ப்பவர் மனம் அசையும்படி அழகுப் படம் எடுப்பது ஒன்று. பாறையைச் சதுரம் சதுரமாக அளந்து, அடுத்து வருபவர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அளவைப் படம் எடுப்பது இன்னொன்று. போகாமலே இருந்து, செயற்கைக்கோளையும் கருவிகளையும் நம்புவது மூன்றாவது. நான் ஆசைப்பட்டுக் கேமரா வாங்கியது முதலாவதற்காக. இன்று யாராவது கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் முதலாவது லேசுப்பட்டதல்ல, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அழகுப் படம்

கடலுக்கு அடியில் இருப்பதைப் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றைக் காப்பாற்று என்றால் யாருக்கு மனம் வரும்? அந்தப் பள்ளத்தைத் தாண்ட வைப்பது அழகுப் படம். 2006 ஏப்ரலில், ஹவாய்க்கு வடமேற்கே நீளும் தீவுக்கூட்டத்தைப் பற்றி ஜான்-மிஷேல் கூஸ்தோ எடுத்த ஆவணப்படம் அமெரிக்க அதிபர் மாளிகையில் திரையிடப்பட்டது. ஜூன் 15ல் அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ் அந்தக் கடற்பரப்பைத் தேசியக் காப்புப் பகுதியாக அறிவித்தார். இன்று அதன் பெயர் பாப்பஹானௌமொகுவாகேயா. படம் ஒன்றே சாதித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்; ஹவாய்ப் பூர்வகுடிகளும் அறிவியலாளர்களும் அதற்கு முன் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். ஆனால் அரைகுறையாகத் திறந்திருந்த கதவை முழுசாகத் திறந்ததில் படத்துக்குப் பங்கு உண்டு.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை பிட்கெய்ர்னுடையது. தென் பசிபிக்கின் நடுவில், ஐம்பதுக்கும் குறைவானவர்களே வாழும் தீவு அது. கடல் உயிரியலாளர் என்ரிக் சாலாவின் 'பிரிஸ்டீன் சீஸ்' குழு 2012ல் அந்தத் தீவையும் அதைச் சேர்ந்த ஆளில்லாத் தீவுகளான டூசி, ஹெண்டர்சன், ஓயெனோவையும் படமெடுத்தது. தீவு மக்கள் தங்கள் சொந்தக் கடலின் அடியைப் பார்த்தார்கள். அதே ஆண்டு, காப்புப் பகுதி வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். 2016ல் சுமார் 8,34,000 சதுர கி.மீ. கடல் காப்புப் பகுதியானது. இந்தக் கதையில் நான் கவனிப்பது பரப்பளவை அல்ல. எடுத்த படம் யாருடைய கடலோ அவர்கள் கண்ணுக்கு வந்தது என்பதைத்தான்.

சரி, இவ்வளவு பலம் இருந்தும் நான் ஏன் இதை முதலில் வைக்கவில்லை? சிக்கல் தண்ணீருக்குள்ளேயே தொடங்குகிறது. தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். ஐந்தாறு மீட்டர் இறங்கினாலே சிவப்புப் பவளம் பழுப்பாகத் தெரியும். நிறத்தை மீட்க ஸ்ட்ரோப் (கேமராவோடு சேர்ந்து மின்னும்) விளக்கு வேண்டும். அதன் ஒளியும் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. ஆகவே அகலமான லென்ஸைப் போட்டுக்கொண்டு, பவளத்துக்கு அரை மீட்டருக்குள் நெருங்கிவிடுவதுதான் நல்ல வைட் ஆங்கிள் படத்தின் ரகசியம். கையில் இரண்டு பக்கமும் விளக்கு நீட்டிய கனமான ஹவுசிங் (தண்ணீர் புகாத கேமரா உறை). கண் வ்யூஃபைண்டரில். கால் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இருக்காது.

கரீபியனில் செயின்ட் லூசியா தீவில், முழுக்குக்காரர்களைப் பின்தொடர்ந்து போய் அவர்கள் பாறையை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிய ஆய்வு 2004ல் வெளிவந்தது. கேமரா இல்லாதவர் நிமிடத்துக்குச் சராசரியாக 0.1 முறை தொட்டார். கேமரா வைத்திருந்தவர் 0.4 முறை. ஒரு மணி நேர முழுக்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 எங்கே, 24 எங்கே! இறங்கும் முன் படகில் நின்று சொல்லும் அறிவுரை இந்த எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. தண்ணீருக்குள் வழிகாட்டி குறுக்கே வந்து தடுத்தபோதுதான் குறைந்தது. அதாவது, 'கவனமாக இருப்பேன்' என்ற நம் உறுதிமொழிக்குப் பெரிய மதிப்பில்லை. பக்கத்தில் நின்று நம் ஃபின்னை, அதாவது காலில் மாட்டும் துடுப்பை, பார்த்துக்கொண்டே இருக்கும் ஆளுக்குத்தான் மதிப்பு.

எனக்கே நடந்திருக்கிறது. ஆறேழு மீட்டர் ஆழம், சாயங்கால வெயில், விரித்த குடைபோல ஒரு மேசைப் பவளம், அதன் நிழலில் ஒரு களவா மீன். மீன் திரும்பட்டும் என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். மூச்சை அடக்கியதால் லேசாக மேலே எழும்பினேன். சரிசெய்ய ஒரு சின்ன உதை. பின்னால் இருந்த இன்னொரு மேசையின் விளிம்பில் ஃபின் பட்டது. தண்ணீருக்குள் சத்தம் துல்லியமாகக் கேட்கும். காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல 'டக்' என்றது. திரும்பிப் பார்த்தால் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று மணலை நோக்கித் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஒடிந்த விளிம்பு சுண்ணாம்பு வெள்ளை. அந்த அகலம் மறுபடி வளர, எல்லாம் நன்றாக இருந்தால், ஒன்றிரண்டு ஆண்டாவது ஆகும். அதுவே பாறாங்கல்போல உருண்டு வளரும் பவளத்தின் உச்சியாக இருந்தால் கதை வேறு. பொரைட்டிஸ் வகையெல்லாம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் வளரும். களவா படம் நன்றாகத்தான் வந்தது. அதை நான் எங்கும் போடவில்லை.

இன்னொரு குறை, அழகுப் படம் தேர்ந்தெடுத்துக் காட்டும். இதில் அறிவியலாளர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2005ல் பசிபிக்கின் லைன் தீவுகளில் நடந்த ஆய்வுப் பயணம், ஆளில்லாத கிங்மன் திட்டில் மீன்களின் மொத்த எடையில் 85% சுறா முதலான பெரிய வேட்டை மீன்கள் என்று கணக்கிட்டது. பின்னர் பக்கத்துப் பால்மைரா தீவில் சாம்பல் சுறாக்களைப் பிடித்து, அடையாளம் கட்டி விட்டு, மறுபடி பிடித்து எண்ணினார்கள். முழுக்குக் கணக்கு சொன்னதைவிடச் சுறாக்கள் வெகு குறைவு என்று தெரிந்தது. மனிதரை அதிகம் பார்த்திராத சுறா, யார் இது என்று ஆவலோடு பக்கத்தில் வரும். வந்த சுறாவே மறுபடி மறுபடி வரும். எண்ண என்றே போனவர்களுக்கே இப்படி என்றால், சுறா வரும் நொடிக்காகக் காத்திருந்து அமுக்குகிற நம் கேமரா காட்டுவது எந்த அளவுக்கு அந்தக் கடலின் நிலவரம்?

அளவைப் படம்

பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பி.வி.சி. குழாயில் செய்த 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம், அதற்கு மேலே கேமராவைத் தாங்கும் நான்கு கால்கள். பாறையின் மேல் 50 மீட்டர் அளவு நாடாவை விரித்து, மீட்டருக்கு ஒன்றாகச் சட்டத்தை வைத்து நேர் மேலிருந்து ஒரு படம். அவ்வளவுதான். கரைக்கு வந்து ஒவ்வொரு படத்திலும் கணினி தூவும் புள்ளிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும்: உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் உருவான 'கோரல்நெட்' இந்த வேலையில் பெரும்பகுதியை இயந்திரக் கற்றல் மூலம் செய்துதரும். ஆனால் முதலில் மனிதர் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் வசதி இருந்தால் முப்பரிமாண முறை. 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று ஒரு துண்டு பாறையைக் குறித்துக்கொள்கிறீர்கள். ஏர் ஓட்டுவதுபோல இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய், திரும்பி, அடுத்த சாலில் வந்து, பிறகு குறுக்காகவும் அதே மாதிரி. கேமரா நொடிக்கு ஒன்றாகத் தானே எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு படம் அடுத்ததன் மேல் முக்கால் பங்காவது படிய வேண்டும். ஆயிரக்கணக்கான அந்தப் படங்களை மென்பொருள் தைத்து, ஒவ்வொரு பவளத்தையும் தனித்தனியாக அளக்கும்படி ஒரு மாதிரியை உண்டாக்கிவிடும். ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தினர் '100 தீவுச் சவால்' என்ற திட்டத்தில் இதே முறையில்தான் உலகின் பல தீவுகளுக்குப் போய், சில ஆண்டு கழித்து அதே துண்டுக்குத் திரும்பி வந்து எடுக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படத்துக்குப் பவளத்தை நெருங்கவே வேண்டியதில்லை. முப்பரிமாண முறையில் பாறைக்கு ஒரு மீட்டருக்கும் மேலே, உடம்பை மட்டமாக வைத்து, மெதுவாக நீந்திக்கொண்டே இருப்பீர்கள். பெரும்பாலும் ஸ்ட்ரோப் வேண்டாம், வெயில் போதும். காத்திருப்பதும் கிடையாது, பதுங்குவதும் கிடையாது. காலுக்கும் பவளத்துக்கும் நடுவில் எப்போதும் தண்ணீர் இருக்கும். சட்ட முறையில் மட்டும் கால்களை எங்கே ஊன்றுகிறோம் என்று பார்த்து வைக்க வேண்டும். மான்கொம்புப் பவளம் அடர்ந்த இடத்தில் சட்டத்தை விட்டுவிடுங்கள்.

அந்தச் சப்பையான படங்களில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று. என்னிடம் உள்ள ஒரு சதுரத்தில், இடது கீழ் மூலையில் ஒரு மூளைப் பவளம், முஷ்டி அளவு. அதற்கும் பக்கத்துப் பச்சைப் பவளத்துக்கும் நடுவே விரல் அகலத்தில் வெள்ளைக் கோடு. இரண்டும் இடத்துக்காகச் சண்டை போடுகின்றன. இரவில் ஒன்று நீட்டும் கொடுக்கு இழைகள் மற்றதன் தசையைச் சுட்டுவிட்ட தடம் அது. வலப்பக்கம் செத்த பவளத்தின் மேல் இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருக்கிறது. அதன் மேல், சட்டை பித்தான் அளவுக்கு மூன்று புதுப் பவளக் குஞ்சுகள். எடுக்கும்போது அவற்றை நான் பார்க்கவே இல்லை. சுண்ணாம்புப் பாசி இருக்கிறது, அதில் குஞ்சு பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பாறைக்கு அடிபட்டாலும் எழுந்திருக்கும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். அழகுப் படத்தில் இந்தச் செய்தி வரவே வராது.

இதையெல்லாம் இப்போதே ஏன் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு ஜார்விஸ் தீவைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது. நடுப் பசிபிக்கில் இருக்கிறது. குடியிருப்பு இல்லை, 2009 முதல் தேசியக் கடல் காப்புப் பகுதியும்கூட. 2015-16 எல் நீனோவில் கடல் சூடேறியபோது அங்கிருந்த பவளத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போனது. வேலி போட்டாலும் வெப்பம் உள்ளே வரும். முன்பே அளந்து வைத்திருந்ததால்தான் எவ்வளவு போனது என்றாவது சொல்ல முடிகிறது. நான்காவது உலகளாவிய வெளிறல் (சூட்டில் பவளம் நிறமிழந்து வெள்ளையாவது) என்று 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வெப்ப அலை, உலகப் பவளப்பாறைப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் தொட்டுவிட்டது. நீங்கள் போகும் தீவு இன்று கன்னி நிலத்தைப்போல இருக்கலாம். 'இன்று இப்படி இருந்தது' என்பதற்குச் சாட்சி இல்லாவிட்டால், பத்தாண்டு கழித்து வருபவர் சிதைந்ததையே இயல்பு என்று எடுத்துக்கொள்வார். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று நினைத்துக்கொள்கிறது.

அளவைப் படத்தின் பெரிய பலவீனம், திரும்பி வர ஆள் வேண்டும். ஒருமுறை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பூட்டினால் பாதிப் பயன்தான். தனித் தீவுக்கு இரண்டாம் முறை போக யாரிடம் பணம் இருக்கிறது? நான் எடுத்ததிலேயே ஒரு தொகுதி, பகுத்துப் பார்க்க ஒத்துக்கொண்ட இடத்தில் ஆள் மாறிப்போனதால் இரண்டு ஆண்டு திறக்கப்படாமலே கிடந்தது. இன்னொரு பலவீனம், இந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் கண் கலங்காது.

ஆனால் இரண்டும் ஒன்றாகச் சேர முடியும். அமெரிக்கச் சமோவாவில் 'கேட்லின் சீவியூ' ஆய்வுக்குழு 2014 டிசம்பரில் ஒரு பாறையைப் படமெடுத்தது. பழுப்பும் பச்சையுமாக உயிரோடு இருந்தது. 2015 பிப்ரவரியில் அதே இடம், அதே கோணம்: பனி பெய்ததுபோல முழுக்க வெள்ளை. அடுத்து அதே ஆண்டு ஆகஸ்டில்: செத்து, பாசி மூடி, சாம்பலாக. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த மூன்றில் எதையும் தனியாக எடுத்தால் சாதாரணப் படம்தான். அதே இடத்துக்குத் திரும்பி வந்ததுதான் அதன் அழகு.

போகாமல் இருப்பது

இந்த வழியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். நாம் போவதே ஒரு சுமை. நங்கூரச் சங்கிலி ஒரே இரவில் இழுபட்டுக் கிடந்தால் பத்து முழுக்குக்காரர்கள் சேர்ந்து செய்யாத சேதத்தைச் செய்யும். படகே தரைதட்டினால் அதோகதிதான்: 2017 மார்ச்சில் இந்தோனேசியாவின் ராஜா அம்பாட்டில் ஓர் உல்லாசக் கப்பல் பாறைமேல் ஏறியது, அழிந்தது சுமார் 13,500 சதுர மீட்டர் என்று முதல் கணக்கிலேயே தெரிந்தது. பால்மைராவில் 1991ல் தரைதட்டிய ஒரு மீன்பிடிப் படகின் இரும்பு கரையக் கரைய, பவளத்தை மூடிப் படரும் ஒருவகை உயிரி அதைச் சுற்றிப் பெருகியது. 2013-14ல் அந்தச் சிதைவை அகற்றித்தான் ஆகவேண்டியிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளும் உண்டு. படகிலிருந்து எலி இறங்கினால் தீவின் கடற்பறவைகள் போகும். பறவை எச்சம் நின்றால் கரையோரப் பாறைக்கு உரம் நிற்கும். இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் எலி இல்லாத தீவுகளைச் சுற்றி மீன்களின் மொத்த எடை 48% அதிகம் என்று 2018ல் கண்டார்கள். ஹவாயின் வடமேற்குத் தீவுகளில் பாயாகப் படர்ந்து பவளத்தை மூச்சுமுட்டவைக்கும் ஒரு புதுப் பாசி 2016ல் தென்பட்டது. அதை இன்னொரு திட்டுக்குக் கொண்டுபோகாதபடி முழுக்குக் கருவிகளைத் தூய்மைப்படுத்துவது அங்கே கண்டிப்பு. எந்தத் தீவுக்குப் போனாலும் முந்தைய கடலின் ஈரம் உங்கள் பூட்ஸிலும் ஜாக்கெட்டிலும் இருக்கக்கூடாது.

அப்படியானால் வானிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே? ஓரளவு முடியும். அமெரிக்க வளிமண்டல, கடல்சார் நிறுவனத்தின் பவளக் கண்காணிப்புப் பிரிவு 5 கி.மீ. கட்டங்களாகக் கடல் வெப்பத்தைத் தினமும் வெளியிடுகிறது. 'ஆலன் கோரல் அட்லஸ்' 2021ல் உலகின் ஆழமற்ற பவளப்பாறைகளுக்கு வரைபடத்தை முடித்துவிட்டது. ஆனால் அந்த வரைபடத்தில் 'பவளம்/பாசி' என்பது ஒரே வகை, ஒரே நிறம். நமக்குத் தெரிய வேண்டியதே அந்த இரண்டில் எது என்பதுதான். எனவே, இதற்கு முன் யாராவது நன்றாக அளந்து, அண்மையில் திரும்பியும் வந்திருக்கும் தீவு என்றால் போகாதீர்கள். அந்தப் பணத்தை அவர்களுக்கே கொடுங்கள். யாரும் அளக்காத தீவு என்றால் போகத்தான் வேண்டும்.

பெயர் சொல்லலாமா?

எடுத்தாயிற்று. வெளியிடும்போது தீவின் பெயரைப் போடுவதா, மறைப்பதா? இதில் என் விதி சுருக்கமானது: காவல் இருக்கும் இடத்துக்குப் பெயர் சொல்லுங்கள், இல்லாத இடத்துக்குச் சொல்லாதீர்கள்.

பிலிப்பைன்ஸின் துப்பதாஹா நல்ல எடுத்துக்காட்டு. சூலு கடலின் நடுவில், கரையிலிருந்து 150 கி.மீ. தள்ளி இருக்கிறது. 1988ல் தேசியப் பூங்கா, 1993ல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆண்டு முழுக்கக் காவலர்கள் ஒரு மணல்திட்டில் தங்கியிருக்கிறார்கள். பயணிகளுக்கு மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும் அனுமதி. அவர்கள் கட்டும் கட்டணம் காவல் செலவில் கணிசமான பங்கைத் தாங்குகிறது. அங்கே எடுத்த படத்துக்கு நீங்கள் பெயர் போட்டால் அடுத்த ஆண்டு நாலு பேர் கட்டணம் கட்டி வருவார்கள், நல்லதுதான். என்றாலும் இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. 2020ல் பெருந்தொற்றில் பயணிகள் நின்றதும் அந்த வருமானமும் நின்றது.

காவலே இல்லாத திட்டுக்குப் பெயர் போட்டால் வருவது யார் என்று நமக்குத் தெரியாது. களவா மீன்கள் கூடி முட்டையிடும் இடம் ஒன்று வெளியே தெரிந்தால், சில பருவங்களிலேயே அதைக் காலி செய்துவிட முடியும். ஆண்டு தவறாமல் அதே இடம், அதே நிலா நாள் என்று வரும் மீன் அது. பார்த்த உயிரினங்களை மக்கள் பதிவிடும் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளம் அருகிவரும் உயிரினங்களின் இடத்தை ஏறத்தாழ 20 கி.மீ. சதுரத்துக்குள் மங்கலாக்கிவிடுவது இதனால்தான். ஆனால் தனித் தீவைச் சுற்றி 20 கி.மீ.க்குள் வேறு தீவு ஏது? கடல் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்போன் படத்தில் ஒட்டியிருக்கும் இடக்குறிப்பை அழித்துவிடுங்கள். பாதி வானம் பாதி தண்ணீர் என்று எடுக்கும் படத்தில் தெரியும் மலைக்கோடும் மரவரிசையும்கூடத் தீவைக் காட்டிக்கொடுக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

முழுக்க மூடிவிடுவதே நல்லது என்று ஒரு கட்சி இருக்கிறது. பவளத்துக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் 'ஆளில்லாத் தீவு' என்ற சொல்லை நான் இப்போது யோசித்தே பயன்படுத்துகிறேன். சாகோஸில் 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்த மக்களைப் பிரிட்டன் வெளியேற்றியது. 2010ல் அதே கடலை 6,40,000 சதுர கி.மீ. காப்புப் பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கையை மீறியது என்று 2015ல் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. அங்கே எடுத்த தூய்மையான பவளப் படங்களுக்குக் கீழே அந்த மக்களின் பெயர் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். போகும் முன், அந்தத் தீவில் முன்பு யார் இருந்தார்கள், இன்றும் யார் மீன்பிடிக்க வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஏனென்றால் திரும்பி வரப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில், சில்லிமான் பல்கலைக்கழகத்து ஏஞ்சல் அல்காலாவின் துணையோடு மீனவர்களே 1982ல் கரையோரத்தில் ஒரு சிறு பகுதியை மீன்பிடிக்கு மூடினார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே மீன்கள் பெருகியதை ஆண்டாண்டாக எண்ணி வைத்திருக்கிறார்கள். 2011, 2012 டிசம்பர் புயல்களில் அந்தக் காப்பிடத்தின் பவளம் பெருமளவு நொறுங்கியது. நொறுங்கியதைப் பார்க்கவும் அங்கே ஆள் இருந்தது.

ஆக, 24 முழுக்கில் என் பங்கீடு இது. முதல் முழுக்குக்குக் கேமரா வேண்டாம். எடைக்கட்டியைச் சரிசெய்து, மிதப்பு பழகி, துண்டுகளுக்கு இடம் தேடுங்கள். அடுத்த 13 முழுக்கு அளவைப் படத்துக்கு: தீவின் காற்றுப் பக்கம், மறைவுப் பக்கம், உள்கழி (பாறைக்கு உள்ளே அடங்கிய கடல்) மூன்றிலும். முதல் ஐந்து நாளிலேயே இதை முடித்துவிடுங்கள், வானிலையை நம்பாதீர்கள். அழகுப் படத்துக்கு 6. அப்போது கூட வருபவர் கேமரா இல்லாமல் உங்கள் ஃபின்னை மட்டும் பார்த்துக்கொண்டு வரட்டும். மீதி 4 கைவசம். காவலும் கட்டணமும் ஏற்கெனவே உள்ள தீவு, அளவையும் அவர்களே செய்கிறார்கள் என்றால் இந்தப் பங்கீட்டைத் தாராளமாகத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். காப்புப் பகுதி கேட்டு ஒரு மனு இந்த ஆண்டே முடிவாகப்போகிறது என்றாலும் அப்படியே. அப்போது முடிவெடுப்பவர் கண்முன் வைக்க ஒரே ஒரு நல்ல அழகுப் படம் வேண்டும்.

கடைசி நாள் சாயங்காலத்தை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் மூலைக்கும் ஆழம், திசைமானிக் கோணம், கரையில் நேராகத் தெரியும் இரண்டு அடையாளங்கள். அனுமதி பெற்று அடித்த எஃகு முளை என்றால் அதன் எண். பக்கத்தில் உள்ள பெரிய பவளம் ஒன்றின் படம். முளை பாசியில் மறைந்துபோனாலும் அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் தண்ணீரில் நனையாத தாளில், அந்தத் தீவுக்கு வந்துபோகிறவர்கள் படிக்கும் மொழியில் எழுதி, படங்களின் ஒரு முழுப் பிரதியோடு அங்கே காவலில் இருப்பவர் கையிலோ, படகோட்டியின் கையிலோ கொடுங்கள். நான் கடைசியாகக் கொடுத்த தாளை வாங்கிய படகோட்டி, கரை அடையாளங்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, நான் மரம் என்று எழுதியிருந்த இடத்தில் அடித்து, 'மரம் புயலில் விழும்' என்று சொல்லி, அதற்குப் பின்னால் இருந்த கறுப்புப் பாறையை எழுதினார்.